ஒரு பெட்டியில் இரண்டு நத்தைகள்

14.10.1985, திங்கள்

இன்று காலை ஏழேகால் மணிக்கு ஒரு முடிவு எடுத்தேன். புதினாத் தொட்டியில் இருந்த நத்தையை மதிலுக்கு அப்பால் எறிவதில்லை என்பது அந்த முடிவு. இதற்கு முன் என் வாழ்வின் பெரிய முடிவுகளைப் பிறர்தான் எடுத்தார்கள். ஆசிரியர் பயிற்சியை அப்பா முடிவு செய்தார். கல்யாணத்தை மாமா முடிவு செய்தார். என் கணவரின் இரண்டாவது கல்யாணத்தை ஊரே கூடி முடிவு செய்தது. இந்த ஒன்றை நான் தனியாக, காபிகூடக் குடிக்காமல் எடுத்திருக்கிறேன். ஆகவே தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

நத்தை சின்ன எலுமிச்சங்காய் அளவு. பழுப்பு ஓடு, சுற்றிலும் ஒரு கறுப்புக் கோடு. கையில் எடுத்ததும் உள்ளே போய்விட்டது. அவமரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைக் கண்டால் மூன்றாம் வகுப்பும் அப்படித்தான் செய்கிறது.

அவர் மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி ஏற்றி அனுப்பிய மரப்பெட்டிகளில் ஒன்று பரணில் கிடந்தது. பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் ‘மா’ என்ற எழுத்து. மாதேஸ்வரன். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. பெட்டி உறுதியாக இருக்கிறது. அடியில் ஈர மண் பரப்பி, மேலே பழைய கொசுவலையை ஆணியடித்து, நத்தையை உள்ளே விட்டேன்.

பின்பக்கத்திலிருந்து பாஞ்சாலி பார்த்துக்கொண்டிருந்தாள். கோழியிடம் சொன்னாள்: “பள்ளிக்கூடத்துல இருக்கற புள்ளைங்க பத்தலையாம்.”

கோழி பதில் சொல்லவில்லை. நான் வலைக்கு இன்னொரு ஆணி அடித்தேன்.

16.10.1985, புதன்

இது புது நோட்டு. பழையதை எலி தின்றுவிட்டால் பிற்பாடு எனக்கே நிலைமை புரியாது. அதனால் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன்.

மூத்தவள் நான், பெயர் சின்னம்மாள். இளையவள் பாஞ்சாலி. அவள் பெயரை வைத்துச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஊர் எப்போதோ சொல்லி முடித்துவிட்டது, நான் சேர்க்க ஒன்றுமில்லை. எனக்குக் குழந்தை இல்லை என்பதால் 1969இல் அவளைக் கட்டி வைத்தார்கள். சட்டப்படி அது செல்லாது. சட்டத்தை யாரும் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. அவளுக்கும் குழந்தை பிறக்கவில்லை. மூன்றாவதாக யாரை டாக்டரிடம் அழைத்துப் போகவேண்டும் என்று அப்போதும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் போன மறு மாதத்திலிருந்து நானும் அவளும் பேசுவதில்லை. ஒரே வீடு, இரண்டு அடுப்பு. முன்பக்கம் என் அடுப்பு, பின்பக்கம் அவளுடையது. சேதி ஏதாவது இருந்தால் அவள் கோழியிடம் சொல்வாள், நான் கதவிடம் சொல்வேன். நிர்வாகத்தில் இதுவரை குறை எதுவும் இல்லை.

சண்டை எதைப் பற்றி என்று பழைய நோட்டில் தேடினேன். “இன்று பேச்சு நின்றது” என்று மட்டும் இருக்கிறது. காரணம் எழுதவில்லை. மறக்கவே முடியாத காரணம் என்று அன்று நினைத்திருப்பேன்.

17.10.1985

நத்தைக்கு என் பீன்ஸ் பொரியல் வைத்தேன். சுற்றிப்போய்விட்டது.

19.10.1985, சனி

மழை. துவைக்கிற கல்லுக்கு அடியில் இன்னொரு நத்தை கிடைத்தது. கல் பாஞ்சாலியின் பக்கம் இருக்கிறது, எல்லை தாண்டித்தான் எடுத்தேன். பெட்டிக்குள் விட்டேன். பெயர் வைப்பது குழந்தைத்தனம். குறிப்புக்காக மட்டும், முதலில் வந்தது மூத்தது, பிறகு வந்தது இளையது.

ஒரு பெட்டி, ஒரு கொத்துப் புதினா, இரண்டு உயிர். அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். குறிப்பெடுக்கப் பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.

26.10.1985, சனி

ஒரு வாரம் காத்திருந்தேன். சண்டை வரவில்லை. ஏமாற்றமாக இருக்கிறது.

பெட்டி இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். பகலில் இரண்டும் வடகிழக்கு மூலையில், ஓட்டோடு ஓடு ஒட்டித் தூங்குகின்றன. மீதி இடம் முழுக்கக் காலி. சாயங்காலம் மூத்தது கிளம்பினால், கொஞ்ச நேரம் கழித்து இளையது அது போன வழியிலேயே போகிறது. வளைந்த இடத்தில் வளைந்து, நின்ற இடத்தில் நின்று. பெட்டியில் வேறு வழியே இல்லாதது போல.

மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கும் அன்வர் பாஷா சாரைக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். “அந்தப் பசை சொரக்கறதுக்குத்தாங்க டீச்சர் அதுக்கு உசுரே போவுது. முன்னால போனது போட்ட ரோட்டு மேலயே போனா பின்னால வர்றதுக்குச் செலவு கம்மி. அவ்வளவுதான்” என்றார்.

அவ்வளவுதான். நானும் அப்படித்தான் குறித்துக்கொண்டேன்.

பாஞ்சாலி இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவருக்கு எந்தக் குழம்பில் உப்புத் தூக்கலாக வேண்டும், எந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்கக் கூடாது, எந்தப் படியில் கால் வழுக்கும் என்பதெல்லாம் ஒரே வாரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று நான் அன்று யோசிக்கவில்லை.

28.10.1985, திங்கள்

சண்டை தொடங்கிவிட்டது. காலையில் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. பள்ளிக்குப் போய் வந்து பார்த்தேன். அப்போதும் விடவில்லை. நிம்மதியாக இருந்தது. உலகம் நான் படித்த மாதிரியே இருக்கிறது.

2.11.1985, சனி

அன்வர் பாஷா சார் வீட்டுக்கே வந்து பெட்டியைப் பார்த்தார். “மண்ணு மட்டும் போதாதுங்க டீச்சர். சுண்ணாம்புச் சத்து வேணும். இல்லாட்டி ஒண்ணு ஓட்ட ஒண்ணு சொரண்டித் தின்னும். முட்டை ஓட்டைப் பொடி பண்ணிப் போடுங்க.”

நான் முட்டை சாப்பிடுவதில்லை. கொள்கை ஒன்றுமில்லை, வாசனை பிடிக்காது. பாஞ்சாலி தினம் ஒன்று சாப்பிடுவாள். ஓடு அவளுடைய குப்பையில், சீத்தா மரத்தடியில் கிடக்கும். கேட்டால் கொடுப்பாள். ஆனால் கேட்பதற்குப் பேச வேண்டும். இரண்டு வருட மௌனத்தை முட்டை ஓட்டுக்காக உடைத்தால் மௌனத்துக்கு என்ன மரியாதை?

ஆகவே இருபத்தாறு வருட சர்வீஸ் உள்ள ஒரு தலைமையாசிரியை காலை ஆறு மணிக்குக் குப்பையைக் கிளறினாள். ஓடு மூன்று.

6.11.1985, புதன்

தவறு நடந்துவிட்டது.

இன்று எடுத்த ஓட்டில் பாஞ்சாலி சீவிப் போட்ட முடிச்சுருள் ஒட்டியிருந்தது. சுத்தமாகச் செய்வோம் என்று முடியைப் பிரித்து, ஒரு காகிதத்தில் தனியாக வைத்தேன். பக்கத்தில் கழுவிய ஓடுகள். அதற்குப் பக்கத்தில் அம்மியில் நுணுக்கிய வெள்ளைப் பொடி. எல்லாம் வரிசையாக. அந்த நேரம் பார்த்து அவள் குடத்தோடு வந்தாள்.

முட்டை ஓடு, தலைமுடி, பொடி. முன்னால் குந்தியிருக்கும் மூத்த மனைவி.

குடத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். நாகரிகம் கருதி நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நிமிர்ந்திருக்க வேண்டும்.

8.11.1985, வெள்ளி

பின்பக்க வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. அவள் கழுத்தில் புதிதாகக் கறுப்புக் கயிறு. கோழிகளை என் பக்கம் வராமல் கட்டிப் போட்டிருக்கிறாள். ஆக, தபால் சேவையும் நின்றது.

சாயங்காலம் அன்வர் பாஷா சார் வந்தார். அவருடைய அம்மா ஜான் பீயிடம் ஓதிக்கொள்ள எல்லாச் சாதி ஜனங்களும் போவார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவது வழக்கம்.

“உங்க வூட்டு அம்மா நேத்து வந்து அழுவுறாங்க. டீச்சர் எனக்குச் செய்வினை வெச்சுட்டாங்க, கண்ணால பாத்தேன்னு. எங்கம்மா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல போன்னுதான் சொன்னாங்க. கேக்கல. அப்புறம் தண்ணி ஓதிக் குடுத்து, கவுறு கட்டி அனுப்புனாங்க. நீங்க என்னதான் பண்ணீங்க டீச்சர்?”

“நீங்க சொன்னதைத்தான் பண்ணினேன்.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “நான் போய் எடுத்துச் சொல்லட்டுங்களா?” என்றார்.

வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன்? பயப்படட்டும் என்று ஒரு மூலையில் இருந்ததா? இருந்தது. எழுதி வைக்கிறேன்.

11.11.1985, திங்கள்

தீபாவளி. ஒவ்வொரு தீபாவளிக்கும் காலையில் என் அடுப்பங்கரை ஜன்னலில் ஒரு தட்டு இருக்கும். அதிரசம் ஐந்து, மேலே வாழையிலைத் துண்டு. அவர் போன வருடம் துக்கம், பலகாரம் இல்லை. பேச்சு நின்ற பிறகும் போன வருடம் இருந்தது. நான் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி அதே ஜன்னலில் வைப்பேன். அதைப் பேச்சு என்று நான் கணக்கில் எடுத்ததில்லை.

இன்று ஜன்னலில் தட்டு இல்லை. மூன்று முறை போய்ப் பார்த்தேன்.

17.11.1985, ஞாயிறு

பாஞ்சாலியின் அண்ணன் மாது தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து வந்தார். நல்ல மனிதர். கடலைக்காய் ஒரு மூட்டை கொண்டுவந்து பாதியை என் பக்கம் கொட்டினார். கொட்டிவிட்டுச் சொன்னார்:

“டீச்சர், நீங்க படிச்சவங்க. உங்க மேல நான் ஒண்ணும் சொல்ல வரல. ஆனா புள்ள சோறு தண்ணி எறங்காம கெடக்குது. மச்சான் இருந்தாரு, இருந்துச்சு. இப்ப இது உங்க வூடு, உங்க பேருல இருக்குது. அது எதுக்குங்க இங்க? கார்த்திகை தீபம் போவட்டும். டிசம்பர் ஒண்ணாந்தேதி வந்து கூட்டிக்கினு போயிடறேன்.”

“அவளுக்கு விருப்பமா?” என்று கேட்டேன்.

“அதுகிட்டயே கேளுங்களேன்.”

அவர் குத்திக் காட்டவில்லை. வழியைத்தான் சொன்னார்.

19.11.1985, செவ்வாய்

சோதனை. இளையதை எடுத்து, மூடியில் துளை போட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலில் தனியாக வைத்தேன். மண், புதினா, ஈரம் எல்லாம் அதே அளவு. நோக்கம்: கூட்டுறவு நத்தைக்கு அவசியமா என்று அறிவது. வேறு நோக்கம் இல்லை.

20.11.1985

மூத்தது வெளியே வந்தது. இளையதின் பழைய பசைத் தடத்தைப் பிடித்து மூலைவரை போனது. திரும்பியது. மறுபடி போனது. புதினாவைத் தொடவில்லை.

21.11.1985

தொடவில்லை.

22.11.1985, வெள்ளி

இளையதைத் திரும்பப் பெட்டியில் விட்டேன். சோதனை ஒரு வாரம் நடக்க வேண்டியது, நான்காம் நாளே நிறுத்திவிட்டேன். நிறுத்தியதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை.

24.11.1985, ஞாயிறு

மூத்தது முட்டையிட்டது! மண்ணுக்குள் குழி பறித்து, ஜவ்வரிசி போல வெள்ளையாக நாற்பதுக்கு மேல். ஆக மூத்தது மனைவி, இளையது கணவர். இப்போது எல்லாம் விளங்குகிறது. ஒட்டித் தூங்கியது, பின்னாலேயே போனது எல்லாம் தாம்பத்தியம். நான் வீணாக வேறு மாதிரி யோசித்துவிட்டேன்.

27.11.1985, புதன்

கணவரும் முட்டையிட்டார்.

பெட்டியை மறுபடி எண்ணிப் பார்த்தேன். இரண்டு நத்தைதான். அன்வர் பாஷா சாரிடம் ஓடினேன். “அதுல ஆணு பொண்ணுன்னு தனியா இல்லைங்க டீச்சர். ஒவ்வொண்ணும் ரெண்டும்தான். அன்னிக்கு இறுக்கிப் புடிச்சிக்கினு இருந்துச்சுன்னு சொன்னீங்களே, அது சண்டை இல்லைங்க” என்றார். அதற்கு மேல் சொல்ல அவருக்குக் கூச்சம். நான் அவரைவிடப் பதினைந்து வயது பெரியவள்.

29.11.1985, வெள்ளி

பாஞ்சாலி டிரங்குப் பெட்டியை வெயிலில் காய வைத்திருக்கிறாள்.

போவட்டும். போனா எனக்கென்ன? என் சம்பளம், என் வூடு, என் அடுப்பு— ஆமா, அந்த அடுப்புல நான் ஆக்கறத நத்தைகூடத் தின்ன மாட்டேங்குது. ராத்திரி பின்பக்கம் இருமல் சத்தம் கேட்டாத்தான எனக்குத் தூக்கமே வருது. எழுவத்திநாலுல டைபாய்டு வந்து நாப்பது நாள் கெடந்தனே, யாரு தூக்கி உக்கார வெச்சது? பி.ஏ. பரிட்சைக்கு சேலம் போனப்ப யாரு கட்டுச்சோறு கட்டுனது? அவரு போன அன்னிக்கு என் கைய யாரு புடிச்சிக்கினு இருந்தது? ஒருநாள் நான் “பரவால்ல பாஞ்சாலி, நல்லா செஞ்ச”ன்னு சொன்னனா? சொல்லல. எங்க எழுதியிருக்கு? எந்த நோட்டுலயும் இல்ல.

30.11.1985, சனி

நிதானமாக எழுதுகிறேன்.

அரை நாள் பள்ளி விட்டு வந்ததும் நத்தைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். அவள் முறத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கீழே வைத்தேன். வாக்கியம் ஒன்று தயாரித்து வைத்திருந்தேன், வாயில் வரவில்லை. அதற்குள் கோழி ஒன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து வலையைக் கொத்தியது.

“சீ போ, மூதேவி!” என்று பாஞ்சாலி கத்தினாள்.

நான் திரும்பி நடந்தேன்.

“உன்னை இல்லக்கா, கோழிய!”

இரண்டு வருடம் ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேராகச் சொன்ன முதல் சொற்கள் அவை. நான் உட்கார்ந்தேன். அவள் வலைக்குள் பார்த்தாள்.

“இதுவா? இதுக்கா முட்டை ஓடு?”

“சுண்ணாம்புச் சத்து வேணும். அன்வர் பாஷா சார் சொன்னார். வேணும்னா அவரைக் கேளு.”

“அந்த முடி?”

“ஓட்டுல ஒட்டியிருந்தது. சுத்தமா இருக்கட்டும்னு தனியா எடுத்து வச்சேன்.”

அவள் சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை போலிருந்தது.

“ஏன்க்கா, வாயத் தொறந்து கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா? ஜான் பீயம்மா ஓதுன தண்ணிய மூணு வேளை குடிச்சேன். வயிறு வேற கடாமுடான்னு ஆயிப்போச்சு.”

“கேக்கறதுக்குப் பேசணுமே.”

“ஆமா, பேசுனா உன் வாயில இருக்கற இங்கிலீசு கொட்டிப்போவும்.”

பெட்டியைக் காட்டி, இரண்டும் முட்டையிட்டிருக்கின்றன என்றேன்.

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

“அப்ப ஆம்பள எது?”

“தனியா இல்லை. தேவைப்படலை.”

பாஞ்சாலி முறத்தைக் கீழே வைத்தாள். நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னாள்: “இத யாரும் நமக்கு முன்னாடியே சொல்லல பாரு.”

கட்டிக் கிடந்த கோழிகள் எல்லாம் கயிற்றை இழுத்துப் பதறும் அளவுக்கு இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும், “நாளைக்குப் போகாதே” என்றேன். தயாரித்து வைத்திருந்த வாக்கியம் இதைவிட நீளம்.

அவள் கொள்ளை மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

1.12.1985, ஞாயிறு

மாது பத்தரை மணி பஸ்ஸில் வந்தார். டிரங்குப் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. நான் உள்ளே செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரே பத்தியை நான்கு முறை படித்தேன்.

பாஞ்சாலி சொல்வது கேட்டது: “இல்லண்ணா. நத்தை முட்டை போட்டிருக்குது.”

“என்னாது?”

“நத்தைண்ணா. பொரிக்கறதுக்கு பத்து பதினஞ்சு நாளு ஆவும். ஓடு போடணும். டீச்சருக்கு ஓடு ஏது? அது முட்டை திங்காது.”

“ஏம்மா, நத்தைக்காவா நான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்?”

“சாப்பிட்டுப் போ. கொழம்பு வெச்சிருக்கேன்.”

மாது சாப்பிட்டார். போகும்போது என்னிடம், “படிச்சவங்க வூட்டு விசயம் எனக்கு வெளங்கலைங்க டீச்சர்” என்றார். எனக்கும் என்றேன். டிரங்குப் பெட்டியில் ஒரு சேவலைப் போட்டுத் தங்கச்சி கொடுக்க, தூக்கிக்கொண்டு போனார். அவள் துணி ஒன்றும் அதில் போகவில்லை. மூடுவதற்கு முன் நான் எட்டிப் பார்த்தேன். சேவல் மட்டும்தான் இருந்தது.

8.12.1985, ஞாயிறு

அன்வர் பாஷா சார் வீட்டுக்குப் போய் ஜான் பீயம்மாவைப் பார்த்தோம், இரண்டு பேரும். கயிற்றை அவிழ்த்துவிடலாமா என்று பாஞ்சாலி கேட்டாள். “இருக்கட்டும் கண்ணு, வேலை செய்யுது இல்ல?” என்றார் அந்த அம்மா. டீ கொடுத்தார். மகனுக்கும் தாய்க்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஓட்டைச் சொன்னவர் மகன், கயிற்றைக் கட்டியவர் தாய். இருவரில் ஒருவர் குறைந்திருந்தாலும் பாஞ்சாலி என்னிடம் பேசியிருக்க மாட்டாள்.

மாதுவுக்கும் நன்றி. தேதி குறிக்காமல் போயிருந்தால் நான் இன்னும் பத்து வருடம் ஆராய்ச்சி செய்திருப்பேன்.

15.12.1985, ஞாயிறு

பொரித்துவிட்டன. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, ஓடு கண்ணாடி மாதிரி. பாஞ்சாலி அறுபத்தொன்றுவரை எண்ணினாள், பிறகு நகர்ந்துவிட்டன. முதலில் தங்கள் முட்டை ஓட்டையே தின்றன. பிறகு எல்லாம் ஒரே மூலைக்குப் போய்க் கூட்டமாக ஒட்டிக்கொண்டன. தாய் தகப்பன் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“இதுங்க அறுவதுக்கும் ஆத்தா எது?” என்றாள் பாஞ்சாலி.

இரண்டும் என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தண்ணீர் தெளிக்கும்போது அதையே கோழிக்கும் ஒருமுறை சொன்னாள். பழக்கம் உடனே போகாது.

28.12.1985, சனி

சண்டை எதற்காக என்று அவளிடம் கேட்டேன். அவளுக்கும் ஞாபகம் இல்லை. “உன் நோட்டுல பாரு” என்றாள்.

12.1.1986, ஞாயிறு

பொங்கலுக்கு வெள்ளையடித்தோம். பெட்டி வைக்கும் சுவரின் அடியில் இரண்டடிக்கு, நத்தைகளுக்காக, நீலம் கலக்காத வெறும் சுண்ணாம்பு. முன்பக்கத்து அடுப்பை இடித்து எடுத்தாயிற்று. நத்தைப் பெட்டி இப்போது அந்த இடத்தில் இருக்கிறது.